கொரியா மாலையும் என் கட்டரும்

தொங்குகிற நூலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. இது ஒரு வியாதி என்பது, கொரியாக்காரி ஒருத்தியின் மாலையை நாசம் செய்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

தாராவியில் எங்க காக்காவின் (அண்ணனை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) சட்டைப் பட்டறையில் ஒன்பது வருஷம் எனக்கு தாகா கட்டிங் வேலை. தைத்து வரும் சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலையெல்லாம் கட்டரால் நறுக்கணும். ஒரு நூல் மிஞ்சினாலும் பீஸ் திரும்பி வந்துவிடும். என் கை பட்ட சட்டை ஒன்றுகூடத் திரும்பியதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

இதற்கு நடுவில் செம்பூரில் சூஜின் மேடத்திடம் கைத்தையல் படிக்கப் போனேன். புருஷன் வேலைக்காகக் கொரியாவிலிருந்து வந்தவர். அவங்க ஊரில் மிச்சத் துணித் துண்டுகளைக் கையாலேயே ஒட்டுப்போட்டுத் தைப்பார்களாம். எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அந்தத் துணியில்தான் மேடம் மாலையும் கம்மலும் செய்வார். பாந்த்ராவில் ஒரு கடைக்காரம்மா போட்டோ பார்த்துவிட்டு மாலையை நேரில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஆர்டர் கிடைத்தால் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து செய்வது என்று பேச்சு. நான் பட்டறையை விட்டுவிடலாம். நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்குப் போவதற்கு முதல் நாள், கொக்கி மாட்டச் சொல்லி மாலையை ஒரு பெட்டியில் வைத்து என்னிடம் கொடுத்தார். பட்டறையில் பெட்டியைத் திறந்தால், துண்டுகள் சேரும் மூலையிலெல்லாம் சிவப்பு நூல் விரல்கணு நீளத்துக்குத் தொங்குகிறது. பாவம், மேடம் அவசரத்தில் மறந்துட்டாங்க போல. (யாரு? முப்பது வருஷமா ஊசி பிடிக்கிறவங்க. மறந்துட்டாங்களாம்.) கட்டரை எடுத்தேன். மொத்தம் நாற்பத்தோரு நூல். அத்தனையையும் ஒட்ட நறுக்கி, அயர்னும் போட்டு, காக்காவிடம் காட்டிப் பாராட்டு வேறு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் பாந்த்ரா ஸ்டேஷன் பெஞ்சில், கடைக்குப் போக ஒரு மணி நேரம் இருக்கும்போது, பெட்டியைப் பெருமையாக நீட்டினேன். மேடம் மாலையின் மூலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"நூல் எங்கே?" என்றார், தனக்குத் தெரிந்த இந்தியில்.

"வெட்டிட்டேன் மேடம். நீங்க மறந்திருந்தீங்க."

"மறக்கலை. அதுதான் மாலையே."

கடைக்காரம்மாவுக்கு அந்த நூல்தான் பிடித்திருந்ததாம். வெட்டின நூல் பட்டறைக் குப்பையோடு போயாச்சு. சிவப்பு நூல்கண்டு செம்பூர் வீட்டில். நான் அழ ஆரம்பித்தேன். மேடம் திட்டவில்லை. பையிலிருந்து ரெண்டு ஊசி எடுத்தார், பிறகு என் துப்பட்டாவைப் பார்த்தார். பெருநாளைக்கு எடுத்த கத்திரிப்பூ கலர் துப்பட்டா அது. மறுபேச்சு பேசாமல் அதன் ஓரத்து நூலை உருவிக் கொடுத்தேன். ரெண்டு பேரும் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு மூலையாகக் கோத்தோம். பக்கத்தில் இருந்த பெண் ரெண்டு ரயிலை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தாள்.

கடைக்காரம்மா போட்டோவையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தார். "சிவப்பாத்தானே இருந்துச்சு? இந்தக் கலர் கொரியா வழக்கமா?"

மேடத்துக்குப் பொய் சொல்ல வராது.

"இல்லை," என்றார். "தாராவி வழக்கம்."

அந்தம்மா மாலையைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடியைப் பார்த்தார். பன்னிரண்டு வேணும், எல்லாம் இதே கலர் நூலில் என்றார். அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது! வெளியே வந்ததும் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு சிரிப்பாக வருகிறது.

பட்டறை வேலையை விட்டாச்சு. கேலிதான் விட்டபாடில்லை. போன மாதம் எங்க மைனியின், அதாவது காக்கா பொண்டாட்டியின், தங்கைக்கு நிக்காஹ். மாப்பிள்ளை முகம் மறையப் பூச்சரம் தொங்க உட்கார்ந்திருந்தார். நான் பரிசோடு மேடை ஏறியதும் காக்கா சபைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "மொதல்ல அவ பையை வாங்கி வைங்க. உள்ள கட்டர் கெடக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல் பூச்சரத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.