ரேக்ளா வாருக்கு மூன்று பூச்சு விளக்கெண்ணெய்

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா? அடுப்பில் குழம்பு என்ன ஆயிற்று, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு கிழவியின் மானம் போன கதையைக் கேட்க வந்துவிட்டீர்கள். அடுத்தவள் அவமானம் என்றால் அவ்வளவு ருசி. (எனக்கும் அப்படித்தான், அதனால் மன்னிக்கிறேன்.) சொல்கிறேன். ஆனால் நடுவில் சிரித்தால் எழுந்து போய்விடுவேன்.

என் மருமகள் கோமதி துப்பாக்கி சுடுகிறவள். பயப்படாதீர்கள், போட்டிக்குச் சுடுகிறவள். கிணத்துக்கடவுப் பக்கம் நூல் மில்லில் வேலை. நூலை இழுத்து இழுத்து, எவ்வளவு நீள்கிறது, எப்போது அறுகிறது என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் கோயமுத்தூர் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டு, ஐம்பது மீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொட்டளவு வட்டத்தைச் சுடுவாள். சோறாக்குவது என் மகன் செந்தில். அவன் வைக்கிற ரசத்தைக் குடித்துக்கொண்டு நாங்களும் அவள் சுடட்டும் என்றுதான் இருந்தோம்.

ஒரு நாள் அந்த ரசத்தைப் பற்றியே சண்டை வந்துவிட்டது. உப்பில்லை என்றாள் அவள், துப்பாக்கியை வைத்துவிட்டு நீயே வை என்றான் அவன். வந்த கோபத்தில் கோமதி, "இந்த வருசம் ஸ்டேட் போட்டியில தேறலைன்னா நானே துப்பாக்கியை விட்டுர்றனுங்க, போதுமா?" என்று சொல்லிவிட்டாள். செந்தில் "சரி" என்றான். அந்த ஒரு சொல்லை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் சொன்ன சொல்லை மாற்றமாட்டாள்.

இனி வாருக்கு வருகிறேன். படுத்துச் சுடும்போது துப்பாக்கியைக் கை மட்டும் தாங்காது. இடது மேல்கையில் ஒரு வார் மாட்டி, அதன் மறுமுனையைத் துப்பாக்கியின் முன்பக்கம் கோத்திருப்பார்கள். ஸ்லிங் என்பாள் கோமதி. அந்த வார்தான் தாங்கும். அது ஒரு நூல் நீண்டாலும் துப்பாக்கியின் மூக்கு கீழே இறங்கும், குண்டு வட்டத்துக்குக் கீழே போகும்.

அதுவரை யாரோ கொடுத்த வாரில் சுட்டுக்கொண்டிருந்தவள், சொந்தமாக ஒன்று வேண்டும் என்று எதில் செய்யலாம் என ஆராய்ச்சியில் இறங்கினாள். அவளுக்குச் சொல்லித்தரும் மாஸ்டர், பட்டாளத்தில் இருந்து வந்தவர், நைலானே போதும் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் மாட்டுக்கு நைலான் கயிறு கட்டினதே கிடையாது, கழுத்தை அறுக்கும். மாட்டுக்கு ஆகாததை மருமகளுக்குக் கட்டுவேனா?

ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த வாரை எடுத்துவந்து அவள் முன்னால் போட்டேன். என் வீட்டுக்காரர் இருந்தபோது மாட்டுவண்டிப் பந்தயத்தில் ரேக்ளா ஓட்டினவர். காளையின் கழுத்துக்கென்று அந்தியூர்த் திருவிழாவில் குதிரைச் சாமான் விற்கிற கடையில் பார்த்துப் பார்த்து வாங்கின தோல். நான் சொன்னேன் என்பதற்காகக் கோமதி அதை எடுத்துக்கொள்ளவில்லை. நூலையே நம்பாதவள் மாமியாரை நம்புவாளா? மாட்டுக்கொட்டகை விட்டத்தில் நைலான் ஒன்று, கட்டில் நாடா ஒன்று, என் தோல்வார் ஒன்று என்று வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஹாலோபிளாக் கல்லைத் தொங்கவிட்டாள். வேர்வைக்குப் பதிலாகத் தண்ணீர் தெளித்தாள். பகல் முழுக்கத் தொங்கியது. மாடு மூன்றும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றன.

சாயங்காலம் அளந்தாள். கட்டில் நாடா ஒரு விரற்கடை நீண்டிருந்தது. நைலான் நீளவில்லை, ஆனால் அவளுடைய கனத்த கோட்டுக் கையில் மாட்டினால் வழுக்கியது. தோல் நீளவும் இல்லை, கோட்டையும் விடாமல் பிடித்தது. காளை இழுக்க வேண்டியதையெல்லாம் முன்பே இழுத்து முடித்திருந்தது போல. "அத்தை, உங்க வார் பாஸுங்க" என்றாள். எனக்குப் பரீட்சையில் யாராவது பாஸ் சொன்னது அதுதான் முதல் தடவை.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், எடை கட்டிப் பார்த்தாள். எண்ணெய் ஊற்றிப் பார்க்கவில்லை. யாருக்குத் தோன்றும்?

எனக்குத் தோன்றியது. பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து, அகலம் குறைத்து, பக்கிள் வைத்து, ஏழு ஓட்டை போட்டு, அதில் கோமதி ஆறு மாதம் பழகியும்விட்டாள். போட்டிக்கு முந்தின நாள் அவள் மில்லுக்குப் போயிருந்தபோது வாரைப் பார்த்தேன். வறண்டு, வெளுத்துக் கிடந்தது. ரேக்ளாவுக்கு முந்தின நாள் வாருக்கு எண்ணெய் போடாமல் எங்கள் வீட்டில் வண்டி பூட்டினதே இல்லை. விளக்கெண்ணெயை எடுத்து ஒரு பூச்சு. வெயிலில் காயவைத்தேன், குடித்துவிட்டது. இன்னொரு பூச்சு. அதையும் குடித்தது. மூன்றாவது பூச்சு ஆசைக்கு. துணியால் துடைத்ததும் புது மாப்பிள்ளை மாதிரி மின்னியது. ஒன்றும் சொல்லாமல் பையில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் சுடுகிற இடத்தில் வாரை மாட்டியவள் தடவிப் பார்த்தாள். "ஏனுங்கத்தை, என்னமோ வழவழங்குது?"

"வேர்வையா இருக்கும் கண்ணு" என்றேன். (அந்த ஒரு பொய்க்குத்தான் மீதிக் கதை முழுக்கத் தண்டனை.)

கணக்கு எளிது. அறுபது குண்டு, ஐம்பது நிமிசம், குண்டுக்குப் பத்து மார்க். மொத்தத்தில் முப்பத்தைந்துக்கு மேல் தொலைத்தால் தேறாது. நானும் செந்திலும் பின்னால் நாற்காலியில். சத்தம் போடக் கூடாது. அவள் சுடச்சுட மார்க் ஒரு டிவியில் வரும். தொலைந்ததை மட்டும் நான் விரல்விட்டு எண்ணினேன்.

முதல் இருபது குண்டில் தொலைந்தது ஆறுதான். செந்தில் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். அதற்கப்புறம் வெயில் ஏறியது. அந்தக் கோட்டுக்குள் அவள் வெந்துகொண்டிருந்தாள். டிவியில் ஒன்பது வந்தது, ஒன்பது, எட்டு. புள்ளியெல்லாம் வட்டத்துக்குக் கீழேயே விழுந்தது. அவள் எழாமலேயே பக்கிளை ஒரு ஓட்டை இறுக்கினாள். இரண்டு பத்து. மறுபடி ஒன்பது, எட்டு. மறுபடி ஒரு ஓட்டை. அது ஏழாவது. அதற்கு மேல் தோலில் ஓட்டை இல்லை.

வெயிலில் என் எண்ணெய் இளகி வார் நீள்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னால் குடும்பமே சிரிக்கும். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது, வெயில் என்று போய்விடும், துப்பாக்கியும் போய்விடும். பக்கத்தில் செந்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். டிவியில் ஏழு வந்தது. முப்பத்தெட்டாவது குண்டு, தொலைந்தது இருபத்தைந்து.

எழுந்து மாஸ்டரிடம் போனேன். காதில் சொன்னேன்.

"எத்தனை பூச்சுங்க?" என்றார்.

"மூணு."

அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். அதிகாரி ஒருவரிடம் அனுமதி கேட்டு கோமதியை வெளியே கூப்பிட்டார். கடிகாரம் நிற்காது. பதினெட்டு நிமிசம் இருந்தது. அவள் வேர்த்துக் கொட்ட வந்து நின்று, மாஸ்டரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

"வாருக்கு வெளக்கெண்ணெ போட்டுப்போட்டேன் அம்மணி. காலையில பொய் சொன்னேன்."

கோமதி வாரைக் கழற்றி என் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான். மாஸ்டர் தன் பையிலிருந்து பழைய நைலான் வார் ஒன்றை எடுத்தார், அதிகாரி அகலத்தை அளந்து சரி என்றார். மாட்டினால் வழுக்கிக்கொண்டு முழங்கைக்கு இறங்குகிறது. கோட்டுக் கையெல்லாம் என் எண்ணெய். நான் முந்தானையைச் சுருட்டிப் பிடித்து, பாத்திரம் விளக்குவது மாதிரி அந்தக் கையைத் தேய்த்தேன். அந்த அதிகாரிக்கு அப்படி ஒரு முகம், பார்க்க வேண்டுமே. வார் ஒருவழியாக நின்றது. அவள் ஓடிப்போய்ப் படுத்தாள்.

இனிப் பத்து மார்க்குக்கு மேல் தொலைக்கக் கூடாது. குண்டு இருபத்திரண்டு. பழகாத வார். ஒவ்வொன்றும் எனக்கு ஒரு பிரசவம். மூன்று குண்டு மிச்சம் இருக்கும்போது தொலைந்தது முப்பத்து நான்கு. ஒன்று மட்டும் தொலைக்கலாம். பத்து வந்தது. அடுத்து ஒன்பது. கடைசிக் குண்டு பத்தாக வேண்டும். செந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது டிவியில் எட்டு.

இரண்டு மார்க்கில் போயிற்று.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் கோட்டைக் கழற்றி மடித்தாள். நிதானமாக, இனி எடுக்கவே போவதில்லை என்பது மாதிரி மடித்தாள். செந்தில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

"இன்னிக்குச் சுட்டது அவ இல்லடா, நானு. தோத்ததும் நானு. நாந்தான் துப்பாக்கியை விட்டுப்போட்டேன். அவ வேணா அடுத்த வருசம் சுடட்டும்."

செந்தில் அவளைப் பார்த்தான். "நான் ரசத்தை மாத்திக்கறேன்" என்றான்.

கோமதி மடித்த கோட்டைப் பையில் வைத்தாள். அப்புறம் என்னைக் கேட்டாள்: "அத்தை, ரெண்டாவது பூச்சுக்கும் மூணாவது பூச்சுக்கும் நடுவுல எவ்வளவு நேரமுங்க விட்டீங்க?"

கோபமில்லை, கணக்கு எடுக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த வாரை விட்டத்தில் கல்லோடு தொங்கவிட்டாள். முக்கால் அங்குலம் நீண்டது. காலண்டரில், "தோல், அத்தை எண்ணெய், முக்கால்" என்று எழுதிவைத்தாள். அந்தத் தாளைக் கிழிக்க இன்றுவரை விடவில்லை. "எண்ணெய் போட்ட சோதனை கணக்குல சேராதுங்க" என்று சொல்லி, துப்பாக்கியை விடுவதாகச் சொன்ன சொல்லையும் தானே தள்ளுபடி செய்துகொண்டாள். அடுத்த வருசம் கோட்டுக் கையில் ரப்பர் பட்டை தைத்து, நைலான் வாரிலேயே தேறினாள். வீட்டில் யாராவது பெல்ட் போட்டால் பேரப்பிள்ளைகள், "அப்பத்தா வருது, ஒளிச்சு வைங்க" என்கிறார்கள். விளக்கெண்ணெய் பாட்டிலுக்குப் பூட்டு.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரிகள் மூன்று பேர், என் முந்தானையில் கறையைப் பார்த்துக்கொண்டே, மருமகள் ஜெயித்தாளா என்று விசாரிக்க வந்தார்கள். நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னேன்: "வாருல ஒரு குத்தமும் இல்லீங்க, எண்ணெயிலயும் குத்தமில்ல. எங்க காளை அந்த எண்ணெயைக் கண்டா ஓடுமுங்க. துப்பாக்கி ஓடாம நிக்கோணுமாமா. அதை முன்னாடியே ஒருத்தரும் எனக்குச் சொல்லலீங்களே."