காலடியில் கிடந்த பாஸ்வேர்டு

தோற்றவர்களில் இரண்டு வகை உண்டு. எதிரியின் பலத்தால் தோற்றவர்கள், தன் வாயால் தோற்றவர்கள். முதல் வகைக்கு ஊரில் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். நான் இரண்டாவது வகை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி விடுமுறையில் இராஜபாளையத்தில் வீட்டோடு கிடந்தேன். கட்டை கட்டையாக அடுக்கி வீடு, கோட்டை, ஊர் எல்லாம் கட்டுகிற ஒரு கணினி விளையாட்டில் விழுந்திருந்தேன். அந்த விளையாட்டு உலகத்துக்குள்ளேயே கணினிப் பெட்டிகளை வைக்கலாம், அவற்றுக்கு நிஜமாகவே புரோகிராம் எழுதலாம். (இதை அம்மாவுக்கு விளக்கியபோது, "அப்போ அதுக்குள்ள ஒருத்தன் ஒக்காந்து வெளையாடுதானா?" என்று கேட்டாள்.) எழுதிக் கொடுத்தபடி கதவு திறக்கும். மண் தோண்டும் இயந்திரங்கள் தானாக நகர்ந்து தோண்டும். அந்த இயந்திரங்களுக்கு ஆமை என்று பெயர்.

எதிரி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தான். என் அத்தை மகன் குமரன், என் வயசுதான். அவரவர் வீட்டில் இருந்தபடியே ஆளுக்கொரு கோட்டை கட்டியிருந்தோம். கத்தி, வெடி கிடையாது, கையால் எதையும் இடிக்கக்கூடாது, கணினிகளை வைத்து மட்டுமே போர் என்பது ஒப்பந்தம். எவன் கோட்டைக் கொடி முதலில் விழுகிறதோ அவன் தோற்றான். அவன் தோற்றால் ஒரு மாதம் எனக்குப் பால்கோவா அனுப்ப வேண்டும். நான் தோற்றால் எங்கள் வீட்டு நாய்க்குட்டி பஞ்சு அவனுக்கு.

பஞ்சு என்னுடைய குட்டியே இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் தங்கை பவானி ஒரு வருஷம் அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய குட்டி அது. எங்கள் ஊர் நாய், உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் பந்தயத்தில் வைத்துவிட்டேன். தோற்கப் போவதில்லை என்று தெரிந்தபிறகு எதற்குக் கேட்பது?

மூன்று வாரம் உழைத்து, பன்னிரண்டு ஆமைகளைக் குமரன் கோட்டைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். என் கணினியிலிருந்து ஒரே ஒரு செய்தி போனால் போதும், பன்னிரண்டும் சேர்ந்து தோண்டி கோட்டையைச் சரித்துவிடும். செய்தியில் இரண்டே சங்கதி: பாஸ்வேர்டு, போய்த் தோண்ட வேண்டிய இடம். பாஸ்வேர்டு தெரிந்தால் எவன் சொன்னாலும் ஆமை கேட்கும். அதனால் எவனுக்கும் தெரியாத ஒன்றாக யோசித்து யோசித்து 'பஞ்சு' என்று வைத்தேன். (சிரித்துக்கொள்ளுங்கள், பழகிவிட்டது.)

ஞாயிற்றுக்கிழமை மதியம் குமரன் போன் போட்டான். அவன் கோட்டைக்கு அடியில் பன்னிரண்டு ஆமைகள் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டானாம், தொட்டால் பாஸ்வேர்டு கேட்கிறதாம். மூளை உள்ளவன் அந்த நிமிஷமே போனை வைத்துவிட்டுச் செய்தியை அனுப்பியிருப்பான். எனக்குப் பேச வேண்டியிருந்தது.

"ஏழு ஜென்மம் எடுத்தாலும் கண்டுபிடிக்க மாட்ட மாப்ளே. ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். அது இப்ப எங் காலடியிலதான் கெடக்கு."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். (தளபதிக்கு இரண்டு கையும் கீபோர்டில் இருக்க வேண்டாமா.) சமையல்கட்டிலிருந்து பவானி சோற்றுத் தட்டோடு வந்தாள்.

"பஞ்சு... ஏட்டி பஞ்சு, அண்ணன் காலடியிலயா கெடக்க? வா, சாப்பிடு."

உடனே, தானும் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிக் குமரன் வைத்துவிட்டான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். வெற்றியை வயிறு நிறைந்தபின் அனுபவிக்கலாம் என்று நானும் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது என் ஆமைகள் பன்னிரண்டும் வரிசை பிசகாமல் என் கோட்டையைத் தோண்டிக்கொண்டிருந்தன. புரோகிராமில் ஒரு பிழை இல்லை. என் கண்ணெதிரே கொடி விழுந்தது.

சாயங்காலம் கூடையோடு குமரன் வந்து நின்ற பிறகுதான் பவானிக்கு விஷயமே தெரியும். அவள் சண்டை போடுவாள் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் பஞ்சுவைத் தூக்கிக் கூடையில் வைத்தாள், அது சாப்பிடும் தட்டையும் கழுவி உள்ளே வைத்தாள். "அண்ணன் வாக்குக் குடுத்திருச்சுல்ல, கொண்டு போ" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுதது கூடம் வரை கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, உண்மையாகவே அவமானமாக இருந்தது.

இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. தாங்க முடியாமல் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். நான் கூப்பிட்டதும் பஞ்சு ஓடிவந்து என் மேல் ஏறும், அதைப் பார்த்துக் குமரன் மனசு இளகும் என்பது திட்டம். (என் திட்டங்கள் எல்லாமே காகிதத்தில் அருமையாக இருக்கும்.) வாசலில் நின்று "பஞ்சு, பஞ்சு" என்று தொண்டை வறளக் கூப்பிட்டேன். வராந்தாவில் படுத்திருந்த அது ஒரு காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

குமரன் வெளியே வந்தான். "கத்தாத மாப்ளே. பாஸ்வேர்டை மாத்திட்டேன்."

இரண்டு வருஷம் கழித்து, அது போட்ட முதல் குட்டிகளில் ஒன்றை அத்தையே கொண்டுவந்து பவானி மடியில் விட்டார். பவானி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போய், அதன் காதில் என்னவோ சொன்னாள்.

இப்போது நான் சென்னையில் ஒரு கம்பெனியில், நல்ல பாஸ்வேர்டு வைப்பது எப்படி என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். அந்தக் குட்டிக்கு ஆறு வயது ஆகிறது. அதன் பெயர் அப்பாவுக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அக்காவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் சொல்லக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். நான் ஊருக்குப் போனால் எல்லோரும் அதை 'அது' என்றுதான் சொல்கிறார்கள்.

போன பொங்கலுக்குக் கல்யாணமாகி முதல் தடவையாக மனைவியோடு போனேன். போய் இறங்கிய பத்தாவது நிமிஷம் பவானி அவளைத் தனியே அழைத்துப்போய்க் காதில் சொல்லிவிட்டாள். திரும்பும்போது ரயில் ஏறியதிலிருந்து கெஞ்சிப் பார்த்தேன், அவள் அசையவில்லை.

"சரி, எத்தனை எழுத்துன்னு மட்டுமாவது சொல்லு."

"அதையும் கேப்பீங்கன்னு பவானி சொல்லித்தான் அனுப்பினா" என்றாள்.