வேகக்கல் ஒட்டிய எட்டு கார்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயப் பாதையில் ஆளே இல்லை. கூட்டமெல்லாம் பாதைக்குப் பக்கத்தில், ஒரு மடக்கு மேஜையைச் சுற்றி முண்டியடித்துக்கொண்டு நின்றது.

விமானங்கள் கைவிட்ட பழைய ஓடுதளம் அது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு அதை வாடகைக்கு எடுத்து, கைக்கும் வாய்க்கும் சரியாகச் சம்பாதிக்கும் சிலர் தங்கள் ஓட்டைக் கார்களை அங்கே ஓட்டி மகிழ்வார்கள். கம்பியால் கட்டிய பம்பர், டேப் போட்டு ஒட்டிய கண்ணாடி, பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கிய சைலன்சர். இதுதான் அந்த கிளப்பின் சொத்து. ஒரு போல்ட் நட்டு வாங்கக்கூட நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், அந்த மேஜைக்கு முன்னால் மட்டும் பர்ஸைத் தாங்களாகவே திறந்துகொண்டு நின்றார்கள்.

மேஜைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர் அலை ஐயா. வெள்ளை வெளேரென்று கழுத்து முதல் கால் வரை மூடிய உடுப்பு. கார்களின் நோயைத் தீர்க்கவே பிறவி எடுத்த அந்தப் புண்ணியவான் மீது ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது. அதைப் பார்த்தே யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதையும் அவருடைய மகிமையில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஐயாவின் வைத்தியம் எளிமையானது. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஓர் அலை ஓடுகிறதாம். அந்த அலை கலங்கினால் கார் படுத்துவிடுமாம். நூலில் தொங்கும் ஒரு பித்தளைக் குண்டை பானெட்டுக்கு மேலே பிடிப்பார். குண்டு இடமாகச் சுற்றினால் அலை கலங்கியிருக்கிறது. எல்லாக் கார்களுக்கும் அது இடமாகத்தான் சுற்றியது. உடனே தன் பெட்டியிலிருந்து விரல்நுனி அகலத்தில் ஒரு நீலக் கல்லை எடுத்து பானெட்டில் ஒட்டுவார். அதுதான் வேகக்கல்.

"கல்லு ஒட்டி அஞ்சு நிமிஷத்துக்குள்ள வண்டியை எடுத்துடணும். அலை ஆறக்கூடாது," என்பார்.

காலையில் ஒரு சுற்று ஓட்டி நேரம் குறித்த கார், கல் ஒட்டியதும் இன்னொரு சுற்று ஓடும். மூன்று விநாடி குறைந்திருக்கும்! கைதட்டல் வானத்தைப் பிளக்கும். குறையாத காருக்கும் ஐயா கையில் பதில் தயார். "ஓட்டினவர் மனசுல சந்தேகம் இருந்திருக்கு."

அதற்குமேல் யார் வாயைத் திறப்பார்கள்? நேரமும் குறையாமல், சந்தேகப்பிராணி என்ற பெயரும் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப எவருக்கும் ஆசையில்லை.

இந்தக் கூட்டத்தில் நம் தையல்காரரும் ஒருவர். கிளப்பில் பாதிக் கார்களின் சீட் உறை அவர் கைவண்ணம். காரைத் தயார் செய்வது அவர். ஓட்டுவது அவருடைய மைத்துனன். ஏழாவது இடத்துக்கு மேலே அந்தக் கார் வந்ததே இல்லை. ஒரே ஒரு தடவை மூன்றாவதாக வந்துவிட்டால் போதும், அப்புறம் வாழ்நாள் முழுக்கத் தைத்துக்கொண்டே கிடக்கலாம் என்பது அவர் எண்ணம்.

போன மாதம் மனைவி அவர் கையில் பணம் கொடுத்து அனுப்பினாள், முன் சக்கரத்துக்கு பிரேக் பேடு வாங்கச் சொல்லி. பழைய பேடு தேய்ந்து தகடாகியிருந்தது. தையல்காரர் கடைக்குத்தான் கிளம்பினார். வழியில் அலை ஐயாவைப் பார்த்துவிட்டார். கல்லின் விலையும் பேடின் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். உதிரிபாகக் கடையின் பட்டியலைப் பார்த்துத்தான் ஐயா விலை வைப்பார் போலிருக்கிறது.

"பிரேக் தேஞ்சிருக்குங்க ஐயா," என்று தையல்காரர் தலையைச் சொறிந்தார்.

"பிரேக்குன்னா என்ன தம்பி? வேகத்தை அடக்குறது. இந்தக் கல்லு வேகத்தையே ஆளுது. அப்ப அடக்குறதும் அது பொறுப்புதானே?"

என்ன அருமையான விளக்கம்! தையல்காரர் உருகிப்போனார். கல்லை வாங்கினார். வீட்டுக்கு வந்து, பேடு மாற்றியாயிற்று என்று மனைவியிடம் கூசாமல் பொய் சொன்னார். அன்று முதல் அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அதுவும் அலை சரியாகிக்கொண்டிருப்பதன் அடையாளம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். பந்தய நாளில் ஸ்டாப்வாட்சும் நோட்டுமாக எல்லைக்கோட்டில் உட்கார்வது அவள்தான். கார்களில் நம்பர் ஒட்டுவதும், பறந்துவிடக்கூடிய எதையும் டேப் போட்டு மூடுவதும் அவள் வேலை. அன்றைக்கும் விதியைக் காட்டி, எட்டு கார்களின் வேகக்கல்மீதும் கறுப்பு டேப் ஒட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஒட்டினாள். யார் கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை.

முதல் சுற்று முடிந்தது. கடைசி வளைவில் மைத்துனன் பிரேக்கை மிதித்தபோது, தகரத்தில் ஆணி கிழித்த மாதிரி ஒரு கிறீச்சல் கேட்டது.

"என்னங்க அது சத்தம்?" என்றாள் மனைவி.

"புதுப் பேடு இல்லையா... ஆரம்பத்துல கத்தும்," என்றார் தையல்காரர். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். நோட்டில் நேரத்தைக் குறித்தாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அலை ஐயா எட்டு கார்களுக்கும் குண்டைச் சுற்றி, கல்லுக்குப் புத்துயிர் ஊட்டினார். அதற்கும் காணிக்கை உண்டு. இரண்டாவது சுற்று ஓடியது. எட்டுக்கு எட்டும் நேரத்தைக் குறைத்தன. எட்டில் ஒரு காருக்குச் சொந்தக்காரரான கணக்கு வாத்தியார், ஐயாவின் காலில் விழாத குறை. பையன்களுக்கு நாள் முழுக்க நிரூபணம் சொல்லிக்கொடுக்கிற மனிதர் அவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை அல்லவா?

கைதட்டல் அடங்கியதும் தையல்காரரின் மனைவி மேஜைக்கு வந்தாள். முகத்தில் அப்படியொரு பணிவு.

"ஐயா, ஒரு சங்கடம். உங்க கல்லு மாதிரியே போலி வந்துடுச்சாம். இந்த எட்டுலயும் போலி கலந்திருக்குன்னு எனக்குப் பயமா இருக்கு. டேப்பைப் பிரிக்காமலே நீங்க பாத்துச் சொல்லிட முடியுமா?"

ஐயாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் கல்லை நான் கண்டுபிடிக்க மாட்டேனா? அதோட மூச்சே எனக்குக் கேக்கும்மா!"

குண்டு கிளம்பியது. ஒவ்வொரு பானெட்டாக ஊர்ந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தது. மூன்று கார்களில் இருப்பது போலி என்று ஐயா தீர்ப்புச் சொன்னார். புத்துயிர்க் காணிக்கையைப் பாக்கி வைத்திருந்த மூன்று பேருடைய கார்கள் அவை. குண்டுக்கு அந்த விவரமெல்லாம் எப்படித்தான் தெரியுமோ! மற்ற ஐந்தும் அசல். அந்த ஐந்தில், டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி ஒருவரின் காருக்கு மேலே மட்டும் குண்டு பம்பரமாகச் சுற்றியது.

"ஆகா, இங்க அலை பொங்கி வழியுது!" என்றார் ஐயா.

மேஸ்திரிக்கு மீசை துடித்தது, பெருமையில்.

"பிரிச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே அவள் டேப்பைப் பிரித்தாள். மேஸ்திரி குனிந்து பார்த்தார். மீசை அப்படியே நின்றுவிட்டது.

"அட, இது நான் ஒட்டின பாத்ரூம் டைல் ஆச்சே! போன வாரம் மிச்சத் துண்டு வேணும்னு வாங்கிட்டுப் போனீங்களேம்மா?"

எட்டு கார்களிலும் டைல் துண்டுதான் இருந்தது; டேப் ஒட்டும் சாக்கிலேயே அவள் மாற்றியிருந்தாள். அசல் கற்கள் எட்டும் அவள் கைப்பைக்குள், சிறுநீர் சாம்பிள் பிடிக்கிற டப்பா ஒன்றில் பத்திரமாக இருந்தன; அதை எடுத்து மேஜையில் வைத்தாள். டப்பா புதிது. அந்த மரியாதையாவது கொடுத்திருந்தாள்.

"எங்க கூடத்துல ட்யூப்ல பேர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். யாரோட ரத்தம்னு தெரியாம பாத்தாத்தான் உள்ளதைச் சொல்லுவோம். உங்க குண்டுக்கும் அதே பரீட்சைதான் வெச்சேன், ஐயா."

"ஆனா என் வண்டி மூணு செகண்டு குறைஞ்சுதே!" என்றார் கணக்கு வாத்தியார், விடாமல்.

அவள் நோட்டைப் புரட்டினாள். "ரெண்டு வருஷமா நான்தான் எழுதுறேன், வாத்தியாரே. இவர் இந்தப் பக்கம் வர்றதுக்கு முன்னாடியும் உங்க வண்டி ரெண்டாவது சுத்துல மூணு செகண்டு குறைஞ்சுதான் வந்திருக்கு. அனேகமா எல்லார் வண்டியும்தான். மொத சுத்துல டயர் ஜில்லுனு இருக்கும், பிடிக்காது. ரெண்டாவதுல சூடாயிடும், பிடிக்கும். அஞ்சு நிமிஷத்துல எடுக்கச் சொன்னது அலை ஆறாம இருக்க இல்ல, டயர் ஆறாம இருக்க."

கூட்டம் அசடு வழிந்தது. டயர் சூடாக வேண்டும் என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். விழித்திருக்கும்போதுதான் யாரும் கேட்கவில்லை.

அலை ஐயா லேசுப்பட்டவர் அல்லர். கண்ணை மூடினார்; பெருமூச்சு விட்டார். "சோதிக்கிற இடத்துல அலை நிக்காதும்மா. அசல் கல்லையே கழட்டிட்டீங்களே! நம்பி ஒட்டுனவங்களை அது காப்பாத்தும். திரும்ப ஒட்டுங்க, பந்தயத்துல பாருங்க."

சொன்னால் நம்பமாட்டீர்கள், நாலைந்து தலைகள் ஆடின! டப்பாவை நோக்கி இரண்டு கைகள் நீண்டன. மைத்துனனும் ஒரு கல்லை எடுத்து பானெட்டில் அழுத்திவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காரில் ஏறினான். "சும்மா இருந்துட்டுப் போகட்டும் மாமா," என்று கண்ணடித்தான்.

பந்தயம் பத்துச் சுற்று. ஒரு சுற்றுக்கே கதறிய பிரேக் பத்துச் சுற்றுக்கு எப்படித் தாங்கும்? தையல்காரர் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால், அந்தக் கடைசி வளைவுக்கு அப்புறம் அவள் முகத்தைப் பார்க்கவே முடியாமல் போகலாம். கால்கள் தாமாகவே நடந்தன. காரின் கதவைத் திறந்தார்.

"இறங்கு மாப்ளே."

"ஏன் மாமா?"

தையல்காரர் திரும்பி அலை ஐயாவைப் பார்த்தார். எல்லார் காதிலும் விழும்படி பேசினார். "ஐயா, இதுல பேடு தேஞ்சு தகடாயிடுச்சு. பேடு வாங்க வெச்ச காசைத்தான் உங்ககிட்ட குடுத்தேன். பிரேக்கையும் கல்லு பாத்துக்கும்னு சொன்னீங்க. இதோ, அசல் கல்லு ஒட்டியிருக்கு. நீங்க உக்காருங்க. ஒரே ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க. உங்களைவிடக் கல்லை நம்புறவங்க இங்க யாரும் இல்லையே?"

ஐயாவின் முகம் அவர் உடுப்பைவிட வெளுத்துப்போனது. கூட்டம் மெல்ல நெருங்கி, வழியைக் காரின் பக்கம் மட்டும் திறந்துவிட்டது. மேஸ்திரி பணிவோடு அவர் தோளில் கை வைத்து இருக்கையைக் காட்டினார்.

"ஏறுங்க ஐயா. அலை ஆறிடப்போகுது."

"விடுய்யா!" என்று அலறினார் ஐயா. "பேடு இல்லாத வண்டியில எவன்யா ஏறுவான்? சாகுறதுக்கா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. அடுத்த நிமிடம் பெட்டியும் குண்டும் மேஜையிலேயே இருக்க, அவர் தன் காரை நோக்கி ஓடினார். அன்றைக்கு அந்த ஓடுதளத்தில் அவ்வளவு வேகமாக எதுவும் ஓடவில்லை.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தையல்காரர் சிரிக்கவில்லை. முன் சக்கரத்தைக் கழற்றி, பேடை உருவி எடுத்தார். ஒரு பக்கம் வெறும் இரும்பு. மைத்துனன் அதை வாங்கிப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, கழற்றிய டயர்மேல் உட்கார்ந்துகொண்டான்.

மனைவியின் கண்கள் நிறைந்திருந்தன. "எனக்குக் கூடப்பொறந்தவன் இவன் ஒருத்தன்தாங்க. கல்லு வாங்கினதுகூடப் பரவால்ல. எங்கிட்ட மறைச்சீங்களே."

"தப்புதாம்மா," என்றார் தையல்காரர். மைத்துனன் கையிலிருந்த பேடைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் நகர்ந்து போகவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கணக்கு வாத்தியார் தயங்கித் தயங்கி வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த டைல் துண்டு ஒண்ணு இருந்தா குடுங்களேன். டயரு கியருன்னு என்னதான் சொன்னாலும், அதை ஒட்டினப்ப மூணு செகண்டு குறைஞ்சது குறைஞ்சதுதானே?"

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். தையல்காரர்தான் எழுந்தார். தேய்ந்த பேடை வாத்தியாரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினார்.

"இதைக் கொண்டு போங்க வாத்தியாரே. வீட்டுல மேஜைமேல வெச்சுட்டு, அஞ்சு நிமிஷம் யோசிங்க. யோசிக்கிறதுக்கு மட்டும் இன்னும் யாரும் காணிக்கை கேக்க ஆரம்பிக்கல."