மூன்று நிமிட மௌனத்தில் முறிந்த சம்பந்தம்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
19-8-1974

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் மரியான் அவர்களுக்கு மனுவேல் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம், என் மானத்தைத் தவிர.

நீர் அலைந்து திரிந்து கொண்டுவந்த சம்பந்தத்தை நேற்று நான் கெடுத்துவிட்டேன். மாப்பிள்ளையின் அப்பா பவுல் தட்டைக் கையில் எடுத்து, "அண்ணாச்சி, இசபெல்லாவ எங்க வீட்டுக்குத் தர ஒங்களுக்குச் சம்மதந்தான?" என்று கேட்டபோது மணி சரியாக நாலே முக்கால். டைட்டானிக் மூழ்கிய பிறகு உலக நாடுகள் கூடிக் கூடிப் பேசி, ஒவ்வொரு மணியிலும் காலுக்கும் முக்காலுக்கும் மும்மூன்று நிமிடம் எந்தக் கப்பலும் அபாய அலைவரிசையில் வாய் திறக்கக் கூடாது, ஆபத்தில் எவனாவது கூப்பிடுகிறானா என்று காது கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். முகம் கொடுத்துப் பேசாத நாடுகளும் அதில் கையெழுத்துப் போட்டன. இருபத்தாறு வருடம் கப்பலில் வயர்லெஸ் ஆபீசராக இருந்த எனக்குத் தந்திக் கருவியோடு சேர்ந்து வாயும் மூடிப் பழகிவிட்டது. ரிட்டயரான பிறகாவது விட்டேனா? மகளின் நகப்பூச்சை எடுத்து வீட்டுக் கடிகாரத்தில் அந்த நிமிடங்களுக்குச் சிவப்பு அடித்த மடையன் நான். பவுல் கேட்டதும் பேசாமல் விரலை உயர்த்தி, அவரையும் வாயைப் பொத்தச் சொல்லிச் சைகை காட்டினேன். "ஏங்க, வாயத் தொறந்து சொல்லுங்க, அவிய எந்திரிக்காவ!" என்று உம் தங்கை பிலோமினா முழங்கையால் இடிக்கிறாள், நான் கடிகாரத்தையே பார்க்கிறேன். நாலு நாற்பத்தெட்டுக்கு "சம்மதம்!" என்று கத்தினேன். அதற்குள் அவர்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். தெருவில் போன மீன்காரிதான் திரும்பிப் பார்த்தாள்.

நீர் உடனே பவுல் வீட்டுக்குப் போய், இவனுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு, மனசு நல்லது என்று சொல்லி, சம்பந்தத்தை எப்படியாவது ஒட்டவைக்க வேண்டும். உமக்கும் பிள்ளைகளுக்கும் பனிமய மாதா துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உம் தங்கையிடம் நேற்றிலிருந்து வாங்கிக் கட்டிக்கொள்ளும்
மனுவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இசபெல்லா இதை வாங்கிப் படித்தாள். "மாமாவ எங்கயும் போவச் சொல்லாதிய. அந்த மாப்பிள்ள எனக்கு வேண்டாம்ப்பா. ஒரு வாரமா ஒங்ககிட்ட சொல்ல வாறேன், நீங்க பம்பாய் கதயும் ஜப்பான் கதயுமா பேசிக்கிட்டே இருந்திய" என்று அழுதாள். வெட்கமாக இருக்கிறது, மச்சான். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடும். பவுலிடம் போக வேண்டாம். அவர் வழியில் பார்த்துக் கேட்டால், பெண் வீட்டார் அந்த மூன்று நிமிடத்திலேயே பதில் சொல்லியாயிற்று என்று சொல்லும்.