காத்துத்துரையும் நாலு பேர் பிடித்த குழாயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதுவரை திறந்த வாய்களிலேயே மிகக் கெட்ட வாய் காத்துத்துரையின் வாய்தான். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. நெல்லியடியில் ஒரு பஸ் கொம்பனியின் கராஜில் அவருக்குக் கீழே வேலை செய்து, தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அப்போது அவர் வெறும் துரை. அங்கே தலைமை மெக்கானிக். பஸ்களுக்கு மட்டும் மரியாதை கொடுப்பார். ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் பஸ்ஸின் முன்னால் குனிந்து, “என்ன ராசாத்தி, என்ன செய்யுது உங்களுக்கு?” என்று கேட்பார். அதே மூச்சில் எங்கள் பக்கம் திரும்பி, “என்னடா பாக்கிறியள், பேயன்கள்! விளக்கைப் பிடியடா!” என்பார். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்த சுவாமியாரையே, “உங்கடை சயிக்கிள் செயினுக்கு எண்ணெய் விடத் தெரியேல்லை, என்ரை பாவத்தைக் கேக்க வந்திட்டியள்” என்று ஏசிவிட்டு எழும்பி வந்தவர் என்று குருநகரில் ஒரு கதை உண்டு. நான் அதை நம்புகிறேன்.

குருநகர்தான் அவருடைய ஊர். சோளகக் காற்று வீசும் காலத்தில் முல்லைத்தீவுப் பக்கம் போய்க் கரைவலை இழுக்கிற குடும்பம். இவர் ஒருவர்தான் கடலை விட்டு இரும்புக்கு வந்தவர். பழக்கம் மட்டும் கடலிலேயே நின்றுவிட்டது. பஸ் முதலாளியை, வலைக்குச் சொந்தக்காரனைக் கூப்பிடுவதுபோல, ‘சம்மாட்டி’ என்றுதான் கூப்பிடுவார். தோட்டமும் துரவுமாய் வாழ்ந்த பரம்பரையில் வந்த முதலாளிக்கு ஒவ்வொரு முறையும் முகம் புளிக்கும். ஆனால் பஸ் ஓட வேண்டுமே, விழுங்கிக்கொள்வார்.

அந்த நாளில் பஸ் சில்லு, அதாவது சக்கரம், கழற்றுவது லேசான காரியம் அல்ல. உப்புக் காற்றில் நட்டெல்லாம் கறள் பிடித்து இறுகியிருக்கும். ஸ்பனரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, இரண்டு பேர் தொங்க, இரண்டு பேர் ஏறி மிதிக்க வேண்டும். அந்த நாலு பேரில் நான் ஒருவன். எனக்கு அப்போது மூன்று பிள்ளைகள். அந்தச் சில்லுகளைத் தவிர வேறு வருமானம் கிடையாது.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த கையோடு, வெள்ளைக்கார ஆமிக்காரர் விட்டுப்போன சாமான்களைப் பலாலியில் ஏலம் போட்டார்கள். முதலாளி துரையைக் கூட்டிக்கொண்டு போனார். சாமான் சுமக்க நானும் போனேன். அங்கேதான் முதன்முதலாக அதைக் கண்டேன். காற்றை அடைத்துவைக்கிற ஒரு மிசின், அதிலிருந்து ஒரு நீள றப்பர் குழாய், குழாயின் நுனியில் வெடி வைக்கிற கட்டைத் துவக்குப் போல ஒரு கருவி. விசையை அழுத்தினால் காற்றின் வேகத்தில் நட்டைத் தானே அடித்தடித்துக் கழற்றும், தானே இறுக்கும். சின்னதாக ஒன்றும் பெரிதாக ஒன்றும் கிடந்தன.

துரை அதைத் தெரிவுசெய்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சந்தையில் பாரைமீன் வாங்குகிறவரைப் போல இரண்டையும் தூக்கிக் கனம் பார்த்தார். வாய்க்குள் விரலை விட்டுச் சுழற்றினார். மணந்தார். காதில் வைத்துக் குலுக்கினார்.

“சின்னது காணாதே? கைக்கும் அடக்கமாக் கிடக்கு” என்றார், சின்னதே போதும் என்று நினைத்த முதலாளி.

“நீங்கள் என்ன சயிக்கிள் கடையோ வைச்சிருக்கிறியள், சம்மாட்டி?”

பெரியதைக் குழாயில் பொருத்தி, கறள் பிடித்த ஒரு லொறிச் சில்லில் வைத்து அழுத்தினார். அது போட்ட சத்தத்தில் நான் காதைப் பொத்தினேன். துரையின் உடம்பு முழுக்க உதறியது. உதறிய உதறலில் இடுப்பில் கட்டிய சாரம் அவிழ்ந்து காலடியில் விழுந்தது. உள்ளே அரைக்களிசான் இருந்ததால் மானம் தப்பியது. காவலுக்கு நின்ற வெள்ளைக்காரன் மரியாதையாக மறுபக்கம் திரும்பிக்கொண்டான். துரை கருவியை விடவில்லை. நட்டு கழன்று விழுந்த பிறகுதான் நிமிர்ந்து, சாரம் இல்லாமலேயே, “உதுதான் வேணும்” என்றார். அன்றிலிருந்து அவர் காத்துத்துரை.

கராஜில் முதல் சில்லு, நாங்கள் நாலு பேரும் வெற்றிலை மென்று முடிக்க முன்னர் கழன்றுவிட்டது. நாங்கள் கை தட்டினோம். எங்கள் வேலை போனதற்கு நாங்களே கை தட்டியிருக்கிறோம் என்பது பின்னேரம்தான் தெரிந்தது.

“சனிக்கிழமையோடை நீங்கள் நாலு பேரும் வேலையை விட்டு நிண்டுகொள்ளுங்கோ. துவக்கு வந்திட்டுது தானே” என்றார் முதலாளி. அந்தக் கிழமை கோயில் திருவிழாவில் அவருடைய உபயம். ஊருக்கெல்லாம் சோறு போட்டார். எங்கள் நாலு வீட்டு அடுப்பையும் அணைத்துவிட்டுப் போட்டார்.

துரை எங்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை சொன்னாரா? “நல்லா வேணும் உங்களுக்கு. மாடு மாதிரித் தொங்கத்தானே தெரியும்” என்றார். அன்று இரவு அவரை நான் மனதாரச் சபித்தேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி நண்பர்களைக் கூட்டிவந்து துவக்கைக் காட்டினார். துரை விசையை அழுத்தினார். ‘டப்’ என்று குழாய் பொருத்திய இடத்தில் கழன்று, கராஜ் முழுக்கத் துள்ளி அடித்தது. முதலாளியின் குடையை இரண்டாக முறித்தது. ஒரு பஸ்ஸின் கண்ணாடியை உடைத்தது. நண்பர்கள் றோட்டுக்கு ஓடிவிட்டார்கள்.

துரை ஆடாமல் நின்றார். “அப்பவே சொல்லுவமெண்டு நினைச்சனான், சம்மாட்டி. உது தனி ஆள் பிடிக்கிற சாமானில்லை. மிசினடியிலை ஒருத்தன் நிக்க வேணும். குழாய் மடியாமல் நடுவிலை ஒருத்தன். என்ரை முதுகடியிலை ஒருத்தன். நட்டைக் கையாலை கொழுவிக் குடுக்க ஒருத்தன்.”

“ஆமியிலை எத்தினை பேர் பிடிச்சவங்கள்?” என்று முறிந்த குடையைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார் முதலாளி.

“ஆமியிலை ஆறு பேர். நாங்கள் சாப்பாடு நல்லாச் சாப்பிடுற ஆக்கள், நாலு காணும்.”

சனிக்கிழமை எங்களை ஒருவரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் பட்ட வெட்கம் கொஞ்சமல்ல. ஒரு சில்லுக் கழற்ற நாலு பேர் றப்பர் குழாயைத் தூக்கிப் பிடித்து வரிசையாக நிற்போம். முன்னால் துவக்கோடு துரை. வலை இழுக்கிறவர்கள் பாடுவதுபோல “ஏலேலோ!” என்று அவர் எடுக்க, நாங்கள் “ஏலேலம்!” போட வேண்டும். சந்தைக்கு வந்த சனம் கடகத்தை இறக்கிவைத்துவிட்டு நின்று சிரிக்கும். குரல் தாழ்ந்தால், “உன்ரை தொண்டையிலை என்னடா, பழஞ்சோறோ?” என்பார். மனிசனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நெல்லியடி முழுக்கப் பேச்சு.

ஒருநாள் எங்களில் மூத்தவரான கந்தையா அண்ணை குழாயை விட்டுவிட்டுக் குந்திவிட்டார். துவக்கு ஒரு குறையுமின்றி வேலை செய்தது. அலுப்பில் நானும் விட்டேன். அப்போதும் நட்டு கழன்றது.

“அண்ணை, ஆரும் பிடிக்காமலே வேலை செய்யுதே?” என்று கேட்டேன்.

அவர் என்னை அடிக்க வருவதுபோலக் கிட்ட வந்தார். “வாயை மூடடா, விசரா! கரைவலையிலை கயித்திலை கை வைச்சவனுக்குத்தான் மீனிலை பங்கு. கை வைக்காமல் கரையிலை நிக்கிறவனுக்குச் சம்மாட்டி ஒரு செதிலும் குடான். பிடியடா குழாயை!”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வெள்ளிக்கிழமை அந்தக் குழாய் தானாகக் கழலவில்லை. நான் குழாயைப் பிடித்தேன். அன்று நான் போட்ட “ஏலேலம்” சந்தை முழுக்கக் கேட்டிருக்கும்.

இப்படியே சில வருஷங்கள் ஓடின. பிறகு முதலாளியின் மகளுக்குக் கொழும்பில் மாப்பிள்ளை எடுத்தார்கள். மருமகன் கராஜைப் பார்க்க வந்த நேரம் நாங்கள் சாப்பிடப் போயிருந்தோம். வந்தவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, துவக்கைத் தூக்கி, தனியாக ஒரு சில்லையே கழற்றிப் போட்டிருக்கிறார். நாங்கள் வாய் கொப்பளித்துக்கொண்டு வர, கழன்ற சில்லுக்குப் பக்கத்தில் மாமனும் மருமகனும் நின்றார்கள்.

“உதுக்கு ஒராள் காணுமோ, காணாதோ? உண்மையைச் சொல்லும்” என்று முதலாளி துரையைக் கேட்டார்.

துரை எங்கள் நாலு பேரையும் ஒருமுறை பார்த்தார். “காணும்” என்றார்.

“இவ்வளவு காலமும் என்னைப் பேய்க்காட்டினனீர், என்ன?”

“ஓம், சம்மாட்டி. நீங்களும் வடிவா ஏமாந்தனீங்கள்.”

அந்த இடத்திலேயே அவருக்கு வேலை போனது. எங்களில் மூன்று பேருக்கும் போனது. மெக்கானிக் வேலைக்கு மருமகன் வேறொருவரைக் கொண்டுவருவதாகச் சொன்னார். துவக்குப் பிடிக்க மட்டும் ஒருவன் தேவைப்பட்டான்.

துரை என் பக்கம் விரலை நீட்டினார். “உவனை வைச்சிருங்கோ. கள்ளம் செய்யிற அளவுக்கு உவன்ரை மண்டையிலை ஒண்டும் கிடையாது.” முதலாளிக்கு அது நல்ல நியாயமாகப் பட்டது.

கந்தையா அண்ணை அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவே இல்லை. புகையிலைத் தோட்டங்களில் கூலிக்குத் தண்ணீர் இறைத்து அந்த மனிசன் ஒடிந்துபோனது எனக்குத் தெரியும். மற்ற இரண்டு பேரும் வன்னிப் பக்கம் போனார்கள் என்று கேள்வி. முதலாளி அடுத்த வருஷமும் திருவிழாவில் சோறு போட்டார். எல்லோரும் அவரை மகராசன் என்றார்கள்.

துரை போன அன்று யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் ஏறி, உடுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் யன்னலடிக்கு ஓடினேன்.

“அண்ணை, ஏன் என்னைக் காட்டினனீங்கள்? கந்தையா அண்ணை மூத்தவர் எல்லே?”

“மற்ற மூண்டு பேரும் எங்கை போட்டாலும் பிழைப்பாங்களடா. நீ பிழைக்க மாட்டாய்” என்றார். பஸ் எடுத்துவிட்டது.

என்னைப் பற்றி அவர் சொன்னது சரிதான். வேறெங்கும் நான் பிழைத்திருக்க மாட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னை மெச்சி நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். அந்த மனிசனைப் போல என்னை அவ்வளவு கிட்ட நின்று பார்த்தவர் ஒருவரும் இல்லை.