அடுத்த புளோக்கில் சமைத்த சாப்டியா பாட்டி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்ப்பள்ளியில் பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு நான் எதையும் எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் பேசவே எனக்கு நா எழாது. ஆனாலும் சாப்டியா பாட்டியைப் பற்றி யாராவது எழுதத்தானே வேண்டும்?

பினாங்குத் தீவில் வயிறு காய்ந்த மனிதன் ஒருவன் இருந்தால், அவன் பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குப் பக்கம் வராதவனாகத்தான் இருப்பான். பாட்டி எங்கள் எதிர்வீடு. கெடா பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளை குட்டிகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, தாத்தா போன பிறகு மகன் வீட்டுக்கு வந்தவர். அவருக்கு மூன்று மொழி தெரியும். மூன்றிலும் ஒரே வாக்கியம்தான். தமிழரைக் கண்டால் "சாப்டியா?", மலாய்க்காரரைக் கண்டால் "சுடா மக்கான்?", சீனரைக் கண்டால் "சியா பா போய்?" வரும் பதில் என்னவென்று பாதி நேரம் அவருக்குப் புரியாது. அதனால் எல்லாருக்கும் சோறு போட்டுவிடுவார்.

ஒருமுறை கொசுப்புகை அடிக்க ஆட்கள் வந்தார்கள். "புகை எங்கயும் ஓடிப்போகாது. மொதல்ல உக்காரு" என்றார். மெஷினை வாசலில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து ரசம் குடித்தார்கள். அன்று எங்கள் மாடிக் கொசுக்களும் பிழைத்தன. தண்ணீர் ஃபில்டர் விற்க வந்த பெண் வயிறாரச் சாப்பிட்டு, வந்த வேலையை மறந்து, பாட்டிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பாட்டியிடம் ஒரே தொல்லை, சம்பலுக்குக் காய்ந்த மிளகாய் வறுப்பதுதான். அவர் சட்டியை அடுப்பில் வைத்தால் மாடி முழுக்க இருமும்.

ஒரு சனிக்கிழமை காய்கறி வாங்கப் பாசாருக்குத் தனியாகப் போனவர் மத்தியானமாகியும் திரும்பவில்லை. கைப்பேசி அரிசி டின் மேலேயே கிடந்தது. ஷிப்ட் முடிந்து வந்த மருமகள் செல்வி, ஃபேக்டரி சட்டையோடு என் கதவைத் தட்டினாள்.

"அத்தையக் காணோம்க்கா! அட்ரஸ்கூட சொல்லத் தெரியாதுலா அவங்களுக்கு. பஸ்ல கிஸ்ல ஏறிட்டாங்கன்னா?"

பாசார், கோவில், பஸ் நிறுத்தம் எல்லாம் தேடினோம். வெயிலில் எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று சாக்கடை ஓரமெல்லாம் எட்டிப் பார்த்தேன். செல்வி வேண்டாத சாமி இல்லை. அழுதுகொண்டே அடுத்த புளோக்கின் கீழே வந்தோம். எங்கள் புளோக்கும் அதுவும் ஒரே அச்சு, பெயிண்ட்கூட ஒன்றுதான். மேலே நடைபாதையில் ஆட்கள் வெளியே வந்து நின்று இருமிக்கொண்டிருந்தார்கள்.

செல்வி சட்டென்று நின்றாள். "அக்கா, இது எங்க அத்தை இருமல்!"

ஓடினோம். அதே மாடி, அதே மூலை வீடு, கம்பிக்கதவு திறந்திருந்தது. மேசையில் ஒரு சீனத் தாத்தா, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, நெத்திலி சம்பலும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாட்டி, கையில் கரண்டியோடு.

"எங்கடி போன? விருந்தாளி வந்து எவ்ளோ நேரமாச்சு!"

"அத்தை, இது நம்ம வீடு இல்ல!"

பாட்டி சுற்றிப் பார்த்தார். "நீதான் மறுபடியும் சாமானெல்லாம் எடம் மாத்திட்டன்னு நெனச்சேன்."

"சீனச் சாமி இருக்கே, பாக்கலயா?"

"பாத்தேன். நீ புதுசா வாங்கியிருப்பன்னு ஊதுபத்தி ஏத்திக் கும்பிட்டேன்."

தாத்தா மனைவியை இழந்து தனியாக இருப்பவர். சமைக்க ஆள் அனுப்புவதாக மகள் சொல்லியிருந்தாளாம். பாட்டி உள்ளே வந்து "சியா பா போய்?" என்றதும், வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். "நாளைக்கு வருவாங்களா, மாட்டாங்களா?" என்று எங்களிடம் மலாயில் கவலையோடு கேட்டார். செல்வி தரையில் உட்கார்ந்து சிரிக்கவும் அழவும் ஆரம்பித்தாள். அதன் பிறகு சனிக்கிழமை தோறும் பாட்டியின் அடுக்குப் பாத்திரம் அடுத்த புளோக்குக்குப் போனது.

போன மாதம், எல்லாருக்கும் சோறு போட்டு, சட்டி கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தவர் தூக்கத்திலேயே போய்விட்டார். எந்த வலியும் இல்லாமல் போனாரே என்று எங்களுக்கு ஒரு நிம்மதி. துக்க வீடு என்பதால் அடுப்பு மூட்டவில்லை.

மறுநாள் காலை, பாட்டியை எடுப்பதற்கு முன், சீனத் தாத்தா கை நிறைய மீ ஹூன் நூடுல்ஸ் பொட்டலங்களோடு வந்தார். துக்க வீடு என்பதால் முட்டைகூடப் போட வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டதாகச் சொன்னார். பிறகு செல்வியின் முன்னால் நின்று, "சாப்டியா?" என்று தமிழிலேயே கேட்டார்.

நாங்கள் சாப்பிட்டோம்.