படுக்க வைத்த கதவு

ஒரு ஏழை வீட்டில் என்னென்ன இருக்கலாம், என்னென்ன இருக்கக் கூடாது என்பதை அந்த வீட்டுக்காரர்களே முடிவு செய்துகொள்வது நாட்டுக்கு நல்லதல்ல. அதற்காகத்தான் ஓர் அலுவலகமும், அலுவலகத்துக்கு ஒரு ஜீப்பும், ஜீப்பில் ஏறி வர ஓர் அதிகாரியும் ஏற்படுத்தப்பட்டிருக்கிறார்கள். இந்த ஏற்பாடு ஆம்பூர் கிடங்குத் தெரு ஜஹீதாவுக்குத் தெரியாது. தெரியாமல் அவள் வீட்டை அழகாக வைத்துக்கொண்டுவிட்டாள்.

ஆசை ஜாஸ்தி, காசு கம்மி, அதுதான் காரணம். கணவன் ரஃபி அகமதுக்கு ஷூ ஃபேக்டரியில் வேலை. ஜஹீதா வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்பாகங்களைக் கையால் தைத்துக் கொடுப்பாள். இரண்டு பெண் பிள்ளைகள். மாதக் கடைசியில் அடுப்பு எரிவது ரேஷன் அரிசியின் தயவில். இந்த நிலையில் ஃபர்னிச்சர் கடைப் பக்கம் போனால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஜஹீதா அந்தப் பக்கமே போகவில்லை, காயலான் கடைக்குப் போனாள்.

மேல்விஷாரத்தில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது அந்தக் கடைக்கு வந்து சேர்ந்த தேக்குக் கதவை ஆட்டோவில் ஏற்றி வந்தாள். நான்கு கட்டைகள் மேல் அதைப் படுக்க வைத்தாள், பிள்ளைகள் படிக்க மேஜை ஆயிற்று. பாகாயத்தில் ஒரு டாக்டர் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு கேரளாவுக்குப் போகும்போது கழித்துவிட்ட பிரம்பு நாற்காலி வந்தது. ஒரு கால் ஆடும், சொல்லிவிட்டு உட்கார்ந்தால் ஒன்றும் செய்யாது. கண்ணாடி உடைந்த மர அலமாரி ஒன்று, அரக்கோணத்துப் பழைய சாமான் வியாபாரியிடம் பேரம் பேசி வாங்கிய பித்தளை விளக்கு ஒன்று. ஃபேக்டரியில் கழிக்கும் தோல் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த திண்டு உறைகள். எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, இடம் பார்த்து வைத்தபின் ஜஹீதா வாசலில் நின்று ஒருமுறை பார்த்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு வீட்டைப் பார்த்து இது என்னுடையது என்று அவள் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

இறங்கியவர் கோதண்டபாணி. குடும்ப வாழ்நிலை மறுமதிப்பீட்டுக் களச் சரிபார்ப்பு அலுவலர், கூடுதல் பொறுப்பு. யார் யாருக்கு அரிசி கார்டு நீடிக்கலாம், யார் யாருக்கு அதைப் பிடுங்கிக் கௌரவ கார்டு தரலாம் என்று வீடு வீடாகப் பார்ப்பது அவர் வேலை. கௌரவ கார்டில் கௌரவம் முழுதாகக் கிடைக்கும், அரிசி மட்டும் கிடைக்காது.

வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது?"

"கதவு சார்."

"கதவு ஏன் படுத்திருக்கு?"

"பசங்க படிக்கறதுக்கு சார். மேஜை வாங்க வசதியில்ல."

கோதண்டபாணி சிரித்தார். விவரம் தெரிந்தவர் சிரிப்பு அது. "இதோ பாரும்மா, என்னை ஏமாத்த முடியாது. என் மச்சினன் சென்னையில வீடு கட்டியிருக்கான். ஹால் நடுவுல இதே மாதிரி ஒரு கதவு. அதுக்கு அவன் குடுத்த வெலையில உங்க தெருவுல வீடே வாங்கலாம். நின்னா அது கதவு. படுத்துட்டா ஆடம்பரம்."

"இது காயலான் கடையில வாங்கினது சார்."

"அவனும் அப்படிப்பட்ட எடத்துலதான் வாங்கினான். அங்க ஏ.சி. இருந்திச்சு, அவ்ளோதான் வித்தியாசம்." அவர் பார்வை பிரம்பு நாற்காலிக்குப் போய், அலமாரிக்குப் போய், பித்தளை விளக்கில் ஏறி நின்றது. "வேலூர்ல எங்களுக்குப் பயிற்சி குடுத்தாங்கம்மா. படம் போட்டே காட்டினாங்க. பழைய மரம், பிரம்பு, பித்தளை, ஒட்டுப்போட்ட தோலு. இதுல ஒண்ணு இருந்தாலே அது மேல்தட்டுக் குடும்பம். உங்க வீட்ல நாலும் இருக்கு."

"எல்லாம் பழசு சார்! புதுசா வாங்க முடியாததாலதான் பழசு வாங்கினேன்!"

"உங்க வீட்டுக்காரர் இன்னா வேலை பண்றாரு?"

"ஷூ ஃபேக்டரியில ஃபினிஷிங் சார். புது ஷூவைத் தேச்சித் தேச்சிப் பழசு மாதிரி ஆக்குவாரு."

"எதுக்கு?"

"வெளிநாட்டுல அதுக்குத்தான் கிராக்கியாம். பழசு மாதிரி இருந்தா வெலை ஜாஸ்தி."

சொன்ன பிறகுதான் ஜஹீதாவுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் ஆம்பூரில் பிறந்த எவரும் இதைப் பெருமையாகத்தான் சொல்வார்கள், அவளும் வழக்கம்போலச் சொல்லிவிட்டாள்.

"பழசு மாதிரி இருக்கறதுக்கே வெலை ஜாஸ்தின்னா," என்றார் கோதண்டபாணி மிக மெதுவாக, "நெஜமாவே பழசா இருக்கறதுக்கு?"

பிள்ளைகளுக்கு மாதக் கடைசியில் எதைப் பொங்கிப் போடுவது என்ற பயம் ஜஹீதாவுக்கு வந்துவிட்டது. "அப்போ ஏழைங்க வீடு எப்படி சார் இருக்கணும்?" என்று கேட்டாள், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

அதிகாரிக்கும் மனம் உண்டு. "புதுசா இருக்கணும்மா. பளபளன்னு. பிளாஸ்டிக் சேரு, பிளாஸ்டிக் பூ, அருவி ஓடற மாதிரி கடிகாரம். பார்த்தாலே பாவமா இருக்கணும். அடுத்த வாரம் மறுபடி வர்றேன். அதுக்குள்ள ஏழ்மைக்கு உகந்த சூழ்நிலையை ஏற்படுத்திக்குங்க."

மாலையில் வேலை முடிந்து வந்த ரஃபி அகமது எல்லாவற்றையும் கேட்டான். பகல் முழுக்கப் புது ஷூவைப் பழசாக்கி ஓய்ந்த கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டான். "ஏழையா தெரியணும்னா எல்லாத்தையும் புதுசா வாங்கணுமா? அவ்ளோ பணம் இருந்தா நான் எதுக்கு ஏழையா இருக்கேன்?" என்றான். அந்தக் கேள்விக்குப் பயிற்சி வகுப்பில் படம் எதுவும் போடப்பட்டிருக்கவில்லை.

ஆனால் கிடங்குத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணமோ காரியமோ, ஒரு வீட்டில் விசேஷம் என்றால் எல்லா வீட்டு நாற்காலியும் அங்கே போய்விடும். எதற்கு என்றுகூட யாரும் கேட்பதில்லை. எதிர்வீட்டுப் பட்டம்மாளிடம் ஜஹீதா விஷயத்தைச் சொன்னாள்.

"அவ்ளோதானே! எங்க வீட்ல அத்தனையும் புது பிளாஸ்டிக்கு. இன்னும் கவர்கூட பிரிக்கல. எடுத்துக்கோ," என்றாள் பட்டம்மாள்.

பக்கத்து வீட்டு இருதயராஜ் சிவப்பு நாற்காலிகளையும் அருவிக் கடிகாரத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். தெருவில் மீதியிருந்த நாலைந்து வீடுகளிலிருந்தும் நாற்காலிகளும் பிளாஸ்டிக் ரோஜாவும் உறை பிரிக்காத கரடி பொம்மையும் வந்து சேர்ந்தன. இவ்வளவும் வந்தால் பழைய சாமான்களுக்கு இடமேது? அலமாரி பட்டம்மாள் வீட்டுக்கும், கதவு இருதயராஜ் வீட்டுக்கும், மற்றவை மற்ற வீடுகளுக்கும் போயின. வீட்டுக்குள் நின்று பார்த்த ஜஹீதாவுக்குக் கண் கூசியது. பேருந்து நிலையத்துப் பிளாஸ்டிக் கடையில் குடியிருப்பது போலிருந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

கோதண்டபாணி சொன்னபடி வந்தார். கவர் பிரிக்காத நாற்காலியில் உட்கார்ந்தார், அது சரசரத்தது. அருவி ஓடும் கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் இளகிவிட்டது.

"இதும்மா வீடு. பார்த்தாலே மனசு கஷ்டமா இருக்கு." கைபேசியில் நாலு பக்கமும் படம் பிடித்து, உரக்கப் படித்துக்கொண்டே பதிவு செய்தார்: "மேற்படி குடும்பத்தின் ஏழ்மை நேரில் கண்டு உறுதி செய்யப்பட்டது. அரிசி கார்டு நீடிக்கலாம்."

ஜஹீதாவுக்கு உயிர் வந்தது. அவர் அதோடு ஜீப்பில் ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கடமையுணர்ச்சி உள்ளவர், எதிர்வீட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தார், உள்ளே அலமாரியையும் பார்த்துவிட்டார். அங்கிருந்து இருதயராஜ் வீட்டுக்கு. அங்கே கதவு படுத்திருந்தது. அடுத்த வீட்டில் பிரம்பு, அதற்கடுத்த வீட்டில் பித்தளை. எந்த வீட்டிலும் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இல்லை. கோதண்டபாணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. இவ்வளவு பெரிய பணக்காரத் தெரு இத்தனை வருடம் அரசாங்கத்தின் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறது!

"சார், அது ஜஹீதாவோட அலமாரி சார்!" என்று பட்டம்மாள் கத்தினாள்.

"அந்தம்மா வீட்டை நான் இப்பதான் பார்த்துட்டு வர்றேன். அந்த ஏழை கிட்ட ஏதும்மா அலமாரி?"

மாலைக்குள் கிடங்குத் தெரு முழுவதும் கௌரவ கார்டுக்கு உயர்த்தப்பட்டது, ஜஹீதா ஒருத்தியைத் தவிர.

தெரு மொத்தமும் சண்டைக்கு வந்தது. வந்தவர்கள் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து திட்டினார்கள். திட்டி முடியும்வரை ஜஹீதா பொறுத்திருந்தாள். பிறகு சொன்னாள், "தப்புதான். அவங்கவங்க சாமானை அவங்கவங்க எடுத்துக்குவோம். எல்லாரும் ஒண்ணா ஆபீஸ் போய் உள்ளதைச் சொல்லிடலாம். என் கார்டு போனாலும் போவட்டும்."

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை.

பட்டம்மாள் மெல்லத் தொண்டையைச் செருமினாள். "ஏன்டி அவசரப்படறே? நாளைக்கு எங்க பொண்ணைப் பார்க்க வர்றாங்க. சர்க்காரே நம்பள வசதின்னு சொல்லிடுச்சு. நாமளா போய் இல்லன்னு சொல்லிக்கணுமா?"

"அந்தக் கதவு எங்க வீட்லயே இருக்கட்டும்மா," என்றார் இருதயராஜ். "அது மேல கைய வச்சி ஒரு போட்டோ எடுத்துப் போட்டேன். துபாய்லேர்ந்து தம்பி போன் பண்ணி, எப்பண்ணா முன்னேறினீங்கன்னு கேக்கறான். இத்தனை வருஷத்துல அவன் என்னை அப்படிக் கேட்டதே கிடையாது."

"அண்ணா, என் புள்ளைங்க தரையில உக்காந்து படிக்குதுங்க."

"நாற்காலிதான் அத்தனை குடுத்திருக்கோமே!"

ஜஹீதாவுக்கு அரிசி நிலைத்தது, வீடு போயிற்று. அவள் தேய்த்து எண்ணெய் போட்ட ஒவ்வொன்றும் கண்ணெதிரே அடுத்தவர் ஜன்னலில் தெரிந்தது. பட்டம்மாள் தினமும் மாலையில் அலமாரிக்கு முன்னால் விளக்கு வேறு வைத்தாள்.

மாதக் கடைசி வந்தது. கிடங்குத் தெருவின் பணக்காரர்கள் ஒவ்வொருவராக, முந்தானைக்குள் பாத்திரத்தை மறைத்துக்கொண்டு, தெருவின் ஒரே ஏழையின் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவள் பட்டம்மாள்.

"ஒரு படி அரிசி குடுடி. எங்களுக்குத்தான் இப்போ ரேஷன்ல போடறதில்லையே."

ஜஹீதா அளந்து கொட்டினாள். பட்டம்மாள் கொடுத்த நாற்காலியையே இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா," என்றாள்.

பட்டம்மாள் அந்த நாற்காலியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேணாம்டி. இந்த மாதிரி பிளாஸ்டிக்குல உக்காந்தா எங்களுக்கெல்லாம் முதுகு வலிக்குது."